வானத்துப் பேன்: வீட்டில் விமானம் கட்டியோரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான தொழில்நுட்ப வரலாற்று நூல்களிலே ஆகாய விமானம் பற்றிய அதிகாரம் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வதைக் காணலாம். 1903 இல் றைற் சகோதரர் பறந்தனர். முதலாம் உலகப் போர் விமானத்தைத் தொழிற்சாலைப் பண்டமாக்கியது. இரண்டாம் உலகப் போரும் தாரை எஞ்சினும் அதனை அரசுகளினதும் பெருநிறுவனங்களினதும் ஆட்சிக்குள் முற்றாகக் கொண்டுவந்தன. இவ்வரலாறு பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. இதன் அடியிலே இன்னொரு நீரோட்டம் தொடர்ந்து ஓடிவந்துள்ளது. தச்சு வேலை தெரிந்தோரும், மோட்டார் திருத்துவோரும், எழுதுவினைஞரும், ஆசிரியரும் தத்தம் வீட்டு அறைகளிலும் கொட்டில்களிலும் தாமே சிறு விமானங்களைக் கட்டி, தாமே அவற்றிற் பறந்து, தாமே அவற்றைப் பேணி வந்த வரலாறே அது.

இவ்வரலாற்றை ஒரு பொழுதுபோக்கின் கதையாகக் கொண்டு ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு செய்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஏனெனில் இதன் மையத்தில் நிற்பது அறிவின் உடைமை பற்றிய வினாவாகும். உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒரு பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும் உரிமை சாதாரண மனிதனுக்கு உண்டா? உண்டெனின், அதற்குரிய அறிவை நூலாக அச்சிட்டுப் பரப்புதல் மட்டும் போதுமா? 1930 களிலே பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இவ்வினா உயிர்ப்பலி கொண்டு எழுந்தது. ஹென்றி மினியே என்பவரின் சிறு விமானத்தை மையமாகக் கொண்டு அதனை ஆராய்வோம்.

1. திறந்த வரைபடங்கள்

முதல் விமானமே வீட்டு விமானந்தான் என்பதை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். றைற் சகோதரர் டேற்றன் நகரிற் சைக்கிட் கடை வைத்திருந்தவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களல்லர். அவர்களது எஞ்சினை ஆக்கிய சாள்ஸ் ரெயிலர் அக்கடையின் இயந்திரத் தொழிலாளி. ஆயினும் 1906 இல் தமது கட்டுப்பாட்டு முறைக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்ற பின்னர், அச்சகோதரர் ஏனைய விமானம் கட்டுவோர் மீது தொடர்ச்சியாக வழக்குத் தொடுத்தனர். பட்டறையிற் பிறந்த அறிவு மிக விரைவிலேயே சட்டத்தாற் காக்கப்படும் சொத்தாயிற்று.

இதே காலத்திற் பாரிஸ் நகரில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சந்தோஸ் டியூமொன் வேறு வழியைத் தெரிந்தார். மூங்கிற் கழிகளால் உடற்பகுதி அமைந்த "டெமுவசெல்" என்னும் சிறு விமானத்தை அவர் 1907 முதலாகப் படிப்படியாகத் திருத்தி அமைத்தார். பிரெஞ்சு மொழியிலே இச்சொல் இளநங்கையையும் ஊசித்தும்பியையும் ஒருங்கே குறிக்கும். இதற்கு அவர் ஆக்கவுரிமை கோரவில்லை. விரும்பியோர் கட்டலாம் என விட்டார். 1910 இல் "பொப்பியுலர் மெக்கானிக்ஸ்" என்ற அமெரிக்கச் சஞ்சிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. இப்பெருந்தன்மையைப் பாராட்டும் அதே வேளையில் அதன் பொருளாதார அடித்தளத்தையும் மறத்தலாகாது. சந்தோஸ் டியூமொன் பெருங் கோப்பித் தோட்ட உரிமையாளரின் மகன். அறிவை விற்று வாழவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலே செரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பேர்னாட் பீற்றன்போலின் நிலை வேறு. தானே கற்றுத் தேறிய இயந்திரத் தொழிலாளியான இவர், 1920 களின் இறுதியிலே "எயர் காம்பர்" என்னும் இரு இருக்கை விமானத்தை மரத்தாற் கட்டி, அதிற் போர்ட் "ஏ" மாதிரிக் காரின் எஞ்சினைப் பூட்டினார். கார் எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வாது என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. அவர் அதனைப் பறந்து காட்டியே மறுத்தார். 1932 இல் அவரது வரைபடங்கள் ஒரு மலிவுப் பதிப்புக் கையேட்டிலே வெளியாயின. இத்தெரிவின் முக்கியத்துவம் மலிவு மட்டுமன்று. அந்த எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் அமெரிக்கக் கிராமங்களிற் கிடைத்தது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். கட்டுவது மட்டுமன்றிப் பேணுவதும் ஊரின் கைக்கு எட்டியதாக இருத்தல் வேண்டும் என்ற உணர்வு இங்கு முதன்முதலாகத் தெளிவு பெறுகின்றது.

2. மினியேயும் அவரது வாசகரும்

ஹென்றி மினியே 1893 இல் பிரான்சின் மேற்குப் பகுதியிற் பிறந்தவர். தொழிலால் வானொலிப் பொறியியலாளர். 1912 அளவிலிருந்தே தன் முயற்சியால் விமானங்களைக் கட்டியும் உடைத்தும் கற்றவர். விமானப் படையினரும் விமானக் கைத்தொழிலாளரும் வகுத்த முறைப்படி பறக்க அவரால் எளிதில் இயலவில்லை. கையால் ஒரு தண்டையும் காலால் இரு மிதிகளையும் ஒத்திசைவாக இயக்குதல் அவருக்குக் கடினமாயிற்று. இக்குறையைத் தன்மீது ஏற்றாது, அவர் விமானத்தின் மீது ஏற்றினார். சாதாரண மனிதனுக்கு ஒவ்வாத விமானத்தை மாற்றவேண்டுமேயன்றி மனிதனை மாற்றலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாதத்தின் விளைவே "எச். எம். 14" என்னும் விமானம். பாரிஸ் நகரில் ஓர் அறையிலே கட்டப்பட்ட இது 1933 செப்டெம்பர் 10 ஆம் நாள் சுவாசோன் பகுதியிற் பறந்தது. சிறகின் அகலம் ஏறத்தாழ 6 மீற்றர். எஞ்சின் 17 பரிவலுக் கொண்ட ஈரடிப்பு மோட்டார்ச் சைக்கிள் எஞ்சின். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சிறகுகள். பின்சிறகு முன்சிறகின் பின்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். சிறகின் முனைகளில் வழக்கமாக உள்ள அசையும் மடிப்புகள் இல்லை, கால்மிதிகளும் இல்லை. தண்டை முன்பின்னாக அசைத்தால் முன்சிறகு முழுவதும் சரிவு மாறும். பக்கங்களுக்கு அசைத்தால் வாற்புறத்துப் பெருஞ் சுக்கான் திரும்பும். அவ்வளவே. வேகங் குறைந்து சிறகு தன் ஏற்றத்தை இழந்து சுழன்று விழுதலே அக்காலத்திற் புதிய விமானிகளைக் கொன்ற பொது விபத்து. மினியேயின் அமைப்பு அவ்வாறு சுழன்று விழாது. அவரது பெருமிதத்துக்கு இதுவே காரணம்.

பெயரும் கவனிக்கத்தக்கது. போர்ட் "ரி" மாதிரிக் காரைப் பிரெஞ்சு மக்கள் "சாலைப் பேன்" எனக் கேலியாக அழைத்தனர். கருநிறமாய், எங்கும் நிறைந்து, மெல்ல ஊர்ந்து, பின்வருவோருக்கு வழிவிடாது செல்லும் வண்டி அது. தமது விமானம் வானத்தின் போர்டாக வேண்டுமென விரும்பிய மினியே அதற்கு "வானத்துப் பேன்" எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் அதனைப் "பறக்கும் தெள்ளு" என்றனர்.

1934 இல் வெளிவந்த மினியேயின் "வான் விளையாட்டு" என்னும் நூல் மரத்தை எவ்வாறு தெரிவது, எவ்வாறு அறுப்பது, ஒட்டுவது, சீலை போர்த்துவது, பின்னர் எவ்வாறு பறக்கக் கற்பது என்பன யாவற்றையும் நண்பனொருவன் பேசுவதுபோற் கூறியது. பொதிப்பெட்டி அடிக்கத் தெரிந்தவனுக்கு விமானம் கட்டவும் இயலும் என்பது அவர் வாசகருக்கு அளித்த உறுதி. 1935 இல் பிரித்தானிய சாம்ராச்சிய விமானக் கழகம் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது 6,000 பிரதிகள் ஒரு மாதத்துள் விற்றுத் தீர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலே மினியே தமது விமானத்திற் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார்.

இவ்வார்வத்தின் சமூக அடிப்படையை நோக்குதல் தகும். 1930 களின் தொடக்கத்திற் பிரித்தானியாவில் ஒரு சாதாரண பயிற்சி விமானத்தின் விலை 650 பவுண் அளவில் இருந்தது. கைத்தொழிலாளியின் வாரக் கூலி ஏறத்தாழ மூன்று பவுண். தெள்ளினை 100 பவுணுக்குக் குறைவாகக் கட்டலாம் எனக் கூறப்பட்டது. அதாவது நான்கு ஆண்டுக் கூலிக்கு மேற்பட்ட ஒரு பொருள், சில மாதக் கூலிக்குள் வந்துவிடுகின்றது. ஆயினும் தொழிலாளி வர்க்கம் திரண்டு விமானம் கட்டிற்று எனக் கொள்வதற்கில்லை. அந்தச் சில மாதக் கூலியை மிச்சம் பிடிக்கவும், இடமும் ஓய்வும் பெறவும் கூடியவர் பெரும்பாலும் கீழ் மத்தியதர வர்க்கத்தினரே. ஆங்கிலப் பதிப்பை ஆதரித்த விமானக் கழகமும் மக்கள் இன்பமாகப் பறக்கவேண்டுமென்பதை மட்டும் கருதியதன்று. சாம்ராச்சியத்தின் வான்வலிமைக்கு ஆதரவாக மக்கள் மனத்தைப் பண்படுத்துதல் அதன் நோக்கம். பிரான்சில் 1936 இல் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசிலே விமான அமைச்சராயிருந்த பியேர் கொட், "மக்கள் விமானப் பயிற்சி" என்ற இயக்கத்தைத் தொடக்கி, வசதியற்ற இளைஞருக்கும் பறத்தலைத் திறந்துவிட முயன்றார். ஊதியத்துடனான விடுமுறையும் 40 மணி நேர வேலை வாரமும் சட்டமாகிய ஆண்டு அது. வானம் யாருக்குரியது என்ற வினா அரசியல் வினாவாகவே எழுந்து நின்ற காலம் அது என்பதில் ஐயமில்லை.

3. 1936 ஆம் ஆண்டின் படிப்பினை

பிரித்தானிய விமான அமைச்சு தெள்ளுக்கு வழமையான பறப்புத் தகுதிச் சான்றிதழைக் கோராது, வரையறுக்கப்பட்ட தனி அனுமதி ஒன்றை வழங்க இசைந்தது. வீட்டு விமானத்துக்கென ஒரு சட்ட நிலை அங்கு தோன்றியது இவ்வாறேயாம். ஆயின் 1936 ஆம் ஆண்டு பிறந்ததும் மரணச் செய்திகள் தொடர்ந்தன. அவற்றின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. விமானம் மூக்குக் கவிழ்கின்றது. கவிழ்ந்த பின் நிமிர்வதில்லை. அப்படியே நிலத்திற் பாய்கின்றது.

பிரான்சிற் பாரிசுக்கு அண்மையிலுள்ள சலே மியூதோனிலும், இங்கிலாந்தில் பாண்பறோவிலும் உள்ள பெருங் காற்றுச் சுரங்கங்களிலே முழு அளவான விமானத்தை நிறுத்திச் சோதனைகள் நடத்தப்பட்டன. அப்போது தெளிவான உண்மை இது: விமானத்தின் மூக்கு ஏறத்தாழ 15 பாகைக்கு மேற் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால், தண்டை முழுவதும் பின்னுக்கு இழுத்தாலும் அது நிமிராது. காரணம் இரு சிறகுகளுக்கும் இடையிலான ஒடுங்கிய வழியிலே இருந்தது. விமானி தண்டை இழுக்கும்போது முன்சிறகின் பின்விளிம்பு தாழ்ந்து பின்சிறகை நெருங்குகின்றது. அவ்வொடுக்கத்தினூடாக விரைந்து பாயும் காற்றுப் பின்சிறகின் ஏற்றத்தைக் கூட்டுகின்றது. வால் உயர்கின்றது, மூக்கு மேலும் கவிழ்கின்றது. உயிர் தப்புவதற்காக விமானி செய்யும் அதே செயல் அவனுக்கு எதிராகத் திரும்புகின்றது. புவியீர்ப்பு மையம் சற்றுப் பின்தள்ளியிருப்பின் ஆபத்து மேலும் கூடும்.

மினியே பல மணி நேரம் பறந்திருந்தும் இதனை ஏன் அறியவில்லை? அவரது விமானத்தின் எஞ்சின் வலுக் குறைந்தது. அவர் மெல்லப் பறந்தார். தம் படைப்பின் குணத்தை உடலால் அறிந்திருந்தார். நூலை வாங்கிக் கட்டியவர்களோ கிடைத்த எஞ்சினைப் பூட்டினர். பிரித்தானியாவில் 30 பரிவலுவை அண்டிய கார் எஞ்சின்களும் பூட்டப்பட்டன. நிறை மாறியது, வேகம் மாறியது, சிறகு இடைவெளி மாறியது, மையம் நகர்ந்தது. ஒவ்வொருவரும் நூல் கூறியதையே செய்வதாக நம்பினர். உண்மையில் ஒவ்வொருவரும் இதுவரை எவரும் சோதித்திராத ஒரு புது விமானத்திலேயே ஏறி அமர்ந்தனர்.

பிரெஞ்சு அரசு தடை விதித்தது. பிரித்தானிய அமைச்சும் அனுமதி வழங்குவதை நிறுத்தியது. போர் தொடங்கியபோது தெள்ளுகள் பெரும்பாலும் கொட்டில்களின் மூலைகளிற் கிடந்தன.

இந்நிகழ்வு பற்றி இரு விளக்கங்கள் வழங்கி வந்துள்ளன. கற்றறிந்த பொறியியலாளரின் வேலையைப் பாமரர் கையில் எடுத்ததன் விளைவு இது என்பது ஒன்று. மக்களின் விமானத்தைப் பெருங் கைத்தொழிலும் அதிகார வர்க்கமும் கொன்றன என்பது மற்றது. இரண்டும் ஒருதலைப்பட்சமானவை. முதலாவது கருத்து, அக்காலத்துத் தொழிற்சாலை விமானங்களும் விழுந்தன என்பதையும், பீற்றன்போல் போன்ற பட்டறை மனிதர் நம்பத்தக்க விமானங்களை ஆக்கினர் என்பதையும் மறைக்கின்றது. இரண்டாவது, காற்றுச் சுரங்கத்திலே கண்கூடாகக் காணப்பட்ட பௌதிக உண்மையை மறுக்கின்றது. காற்றுக்கு வர்க்கச் சார்பில்லை.

மினியேயின் குறை அறிவைப் பொதுவாக்கியமை அன்று. அதனைப் பாதி வழியில் விட்டமையே. வரைபடம் பொதுவாயிற்று, அனுபவம் பொதுவாகவில்லை. நூல் ஒருவரிடமிருந்து ஆயிரம் பேருக்குச் சென்றது. அந்த ஆயிரம் பேர் கண்டவற்றைத் திரட்டி, ஒப்புநோக்கி, மீண்டும் எல்லோருக்கும் அறிவிக்கும் வழி எதுவும் அமைக்கப்படவில்லை. பெருங் காற்றுச் சுரங்கமோ அரசின் கையிலே இருந்தது. அங்கு விடை கிடைத்தது மரணங்களுக்குப் பின்னரே.

4. மூடுமுன் பார்த்தல்

போருக்குப் பின்னர் வீட்டு விமான இயக்கம் புத்துயிர் பெற்றபோது, இவ்விடைவெளியை நிரப்புவதே அதன் சாதனையாயிற்று. பிரித்தானியாவில் 1946 இல் அமைந்த மென் விமானச் சங்கம் பின்னர் மக்கள் பறத்தற் சங்கம் எனப் பெயர் மாறியது. ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்ஜ் போகார்டஸ் என்பவர் தாம் பறந்த சிறு வீட்டு விமானத்திலேயே 1947 இல் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து வாசிங்டன் வரை சென்று, இத்தகைய விமானங்களுக்குச் சட்ட ஏற்பு வேண்டினார். 1950 களின் தொடக்கத்தில் அவ்வேற்புக் கிடைத்தது. 1953 இல் போல் பொபெரெஸ்னி மில்வோக்கி நகரிற் பரீட்சார்த்த விமானச் சங்கத்தைத் தொடக்கினார்.

பிரான்சில் எடுவா ஜொலி, அவரது மருமகன் ஜோன் டெலமொன்தே ஆகிய இருவரும் வடிவமைத்த "ஜொடல்" விமானம் 1948 சனவரியிற் பறந்தது. பெயரே இருவர் பெயரின் கூட்டு. இதுவும் சிறிய எஞ்சின் கொண்ட, ஒருவர் அமரும் மர விமானமே; வரைபடம் பெற்று வீட்டிற் கட்டக்கூடியதே. ஆயினும் இதில் டெலமொன்தேயின் பொறியியற் கணிப்பும் பட்டறைத் தச்சின் எளிமையும் ஒன்றிணைந்தன. தலையுழைப்புக்கும் கையுழைப்புக்கும் இடையே கைத்தொழிற் சமுதாயம் எழுப்பிய சுவர் இத்தகைய முயற்சிகளிலே ஓரளவு தகர்கின்றது எனலாம்.

எனினும் சங்கங்களின் மிக முக்கிய ஆக்கம் ஒரு விமானமன்று, ஒரு வழக்கமாகும். அதனை "மூடுமுன் பார்த்தல்" என நாம் அழைக்கலாம். மர விமானத்தின் சிறகிலே நெடுக ஓடும் முதன்மை விட்டம், மேலும் கீழும் மரச் சட்டங்கள் வைத்து, இரு பக்கமும் மென் ஒட்டுப்பலகை ஒட்டப்பட்ட பெட்டியாகும். விமானத்தின் முழு நிறையும் பறக்கும்போது இதில் தொங்குகின்றது. ஒட்டுப்பலகையை ஒட்டி மூடிய பின்னர் உள்ளே ஒட்டு பிடித்ததா, மரத்தில் வெடிப்பு உண்டா என்பதை எவராலும் காணவியலாது. எனவே, மூடுமுன் இன்னொருவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். வருபவர் சங்கத்தின் பரிசோதகர். தாமும் விமானம் கட்டியவராகவோ, விமானப் பொறியியற் பயிற்சி பெற்றவராகவோ இருப்பவர். ஒவ்வொரு முறை ஒட்டுக் கலக்கும்போதும் கட்டுநர் அதே கலவையால் இரு சிறு மரத்துண்டுகளை ஒட்டி, நாள் குறித்து வைத்தல் வேண்டும். பின்னர் அத்துண்டை உடைத்துப் பார்ப்பர். மரம் கிழிந்தால் ஒட்டு நன்று. ஒட்டிய கோட்டிலே பிரிந்தால் அன்றைய வேலை முழுவதும் ஐயத்துக்குரியது.

இவ்வெளிய சோதனை எவரது பட்டத்தையும் கேட்பதில்லை; எவரது செல்வத்தையும் மதிப்பதில்லை. தன் கைவேலையைப் பிறர் கண்முன் உடைத்துக் காட்டச் சம்மதித்தல் மட்டுமே அது கேட்பது. கட்டி முடிந்த விமானம் பறக்கும் நிலையில் தராசுகளின் மேல் நிறுத்தி நிறுக்கப்படும். புவியீர்ப்பு மையம் கணிக்கப்படும். அமெரிக்காவில் முதற் பறப்பின் பின்னும் 25 அல்லது 40 மணி நேரம் குடிமனைகள் செறியாத ஒரு குறித்த பிரதேசத்துள் மட்டும், பயணி எவருமின்றிப் பறந்து காட்டும் முறை நிலைபெற்றது. 1936 இல் தெள்ளுக் கட்டியோருக்குக் கிடையாதிருந்தவை இவையே.

5. பேணல் என்னும் மறைந்த உழைப்பு

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பைக் கொண்டாடும், ஆக்கத்தைப் பதிவு செய்யும், பேணலை மறந்துவிடும். முதற் பறப்பின் நாள் நூல்களில் உண்டு. அதன் பின் முப்பது ஆண்டு அவ்விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த உழைப்புக்கு நாளில்லை.

மர விமானத்தின் முதற் பகை ஈரமாகும். 1930 களில் வழக்கிலிருந்த ஒட்டு பாலின் கேசீனிலிருந்து பெறப்பட்டது. உலர்ந்த நிலையில் அது வலிமையானது. ஈரம் நின்றால் பூஞ்சணம் அதனைத் தின்னும். பின்னர் வந்த செயற்கைப் பிசின்கள் இக்குறையைப் பெரிதும் தீர்த்தன. ஆயினும் மரம் உக்குவதை எப்பிசினும் தடுக்காது. எனவே சிறகின் அடியிலுள்ள சிறு வடிதுளைகள் அடைபடாது பார்ப்பது ஒரு வேலை. சீலைக்கு வெயில் பகை. பருத்தியோ சணலோ ஆன சீலையைப் போர்த்திப் பூசும் மெருகு, உலருகையிற் சீலையைச் சுருக்கி மத்தளத் தோல்போல் இறுக்கும். ஆண்டுகள் செல்ல வெயிலால் இழை நைந்து, விரலால் அழுத்தினாற் கிழியும் நிலைக்கு வரும். வெளிப்பார்வைக்கு நிறப்பூச்சு அழகாகவே இருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பிவடம் கப்பியைச் சுற்றும் இடத்திலே ஒவ்வோர் இழையாக அறும். சிறகைப் பூட்டும் ஆணியின் துளை சிறிது சிறிதாக நீள்வட்டமாகும். எரிபொருட் குழாய் அதிர்விலே வெடிக்கும்.

இவை யாவும் மெல்ல நிகழ்வன, ஓசையின்றி நிகழ்வன. இவற்றைக் காண்பதற்குத் தேவையானது மேதைமையன்று; ஒழுங்கு. பறப்புக்கு முன் ஒரே வரிசையில் விமானத்தைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தலும், ஆண்டுக்கொருமுறை மூடிகளைக் கழற்றி உட்புறத்தை நோக்குதலும், செய்ததைச் செய்த நாளிலேயே பதிவேட்டில் எழுதுதலுமாகிய ஒழுங்கு. இங்கு வீட்டு விமானத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அமெரிக்கச் சட்டம், விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியவருக்கு, அக்குறித்த விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்து ஒப்பமிடும் தகுதிச் சான்றிதழை வழங்குகின்றது. கட்டியவன் உள்ளிருப்பதை அறிவான் என்பதே இதன் அடிப்படை. தன் உழைப்பின் விளைபொருளிலிருந்து அந்நியமாகாத உழைப்பாளியை நவீன சட்டம் இவ்வாறு அங்கீகரிக்கும் இடங்கள் அரியனவாகும்.

6. இரண்டாம் உடைமையாளர்

ஆனால் விமானம் கைமாறும்போது என்ன நிகழ்கின்றது? 1997 ஒக்டோபர் 12 ஆம் நாள் அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் கலிபோர்னியாவின் மொன்றே விரிகுடாவில் விழுந்து மாண்டமை இவ்வினாவுக்குத் துயரமான விடையாகும். அவர் ஓட்டியது பேர்ட் றூட்டன் வடிவமைத்த "லோங் ஈ.சி." வகை விமானம், வேறொருவர் கட்டியது, அவர் அதனை அண்மையிலேயே வாங்கியிருந்தார். எரிபொருட் கலங்களை மாற்றும் திருப்பி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கிடையே இருத்தல் வேண்டும். கட்டியவர் எரிபொருட் குழாய் விமானி அறையினுட் செல்வதை விரும்பாது, அதனை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அதனைத் திருப்ப உடலை முறுக்கிப் பின்னே எட்டவேண்டும். எப்பக்கம் எக்கலம் என்ற குறியும் அதில் இல்லை. விசாரணைச் சபையின் முடிவிலே இவ்வமைப்பு விபத்தின் காரணிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

கட்டியவருடைய மனத்தில் அத்திருப்பிக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆயின் அந்நியாயமும் அதன் ஆபத்தும் அவருடனேயே நின்றுவிட்டன. விமானம் மட்டும் கைமாறியது. 1936 இல் நூலுக்கும் வாசகனுக்கும் இடையே இருந்த இடைவெளி, இங்கே கட்டியவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே மீண்டும் தோன்றுகின்றது.

இன்று வீட்டு விமானத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையில் வெட்டித் துளையிட்ட உறுப்புத் தொகுதிகளாகப் பெட்டிகளில் வருகின்றது. அமெரிக்காவின் "வான்ஸ்" நிறுவனத்தின் வடிவமைப்புகளில் மட்டும் 11,000 க்கு மேற்பட்ட விமானங்கள் கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன. மூலதனம் பட்டறையினுள் மீண்டும் நுழைந்தது என்று கூறலாம். அதனால் அளவின் துல்லியமும் பாதுகாப்பும் கூடியுள்ளன என்பதையும் மறுக்கவியலாது. எனினும் அந்நிறுவனம் லேசர் ஒளியால் வெட்டி அனுப்பிய சில உறுப்புகளின் துளை விளிம்புகளில் வெடிப்புத் தோன்றிய சிக்கல், வேறு காரணங்களுடன் சேர்ந்து, அதனை 2023 டிசெம்பரில் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடச் செய்தது. பெட்டியில் வந்த பொருளையும் மூடுமுன் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மினியே 1965 இல் இறக்கும் வரை புது வடிவங்களை ஆக்கிக்கொண்டே இருந்தார். சிறகுகளின் இடைவெளியைத் திருத்திய அவரது பிற்கால விமானங்களும், அவற்றின் வழிவந்தனவும் நன்கு பறந்தன. ஆகவே அவரது அடிப்படை எண்ணம் பொய்யன்று. சாதாரண மனிதன் விமானம் கட்டலாம் என்பதை நூற்றாண்டு வரலாறு மெய்ப்பித்துள்ளது. பொதிப்பெட்டி அடிக்கத் தெரிந்தால் அவன் தனியே கட்டலாம் என்பதே பொய்யாயிற்று.

அறிவைச் சிலரின் உடைமையாக வைத்திருத்தல் அநீதி. ஆயின் அதனை அச்சிட்டு வீதியில் எறிந்துவிடுதல் அந்த அநீதிக்கு மாற்றாகாது. ஒருவன் கண்ட பிழை எல்லோரையும் எட்டவேண்டும். ஒருவனது ஒட்டை இன்னொருவன் உடைத்துப் பார்க்கவேண்டும். கட்டியவன் அறிந்தது வாங்கியவனிடம் எழுத்திற் சேரவேண்டும். இவை அமைந்தாலன்றி அறிவு பொதுவுடைமையாயிற்று எனக் கூறவியலாது. 1936 இல் இறந்த அந்தக் கட்டுநர்கள் அறியாமையால் இறக்கவில்லை, தனிமையால் இறந்தனர். அவர்களது பெயர்களைத் தாங்காத வரலாற்று நூல்களும், இந்த வேறுபாட்டையேனும் தாங்கவேண்டும்.